டப்பாவில் இருந்த கறுப்புச் சிலுவை

இரும்புச் சிலுவை என்ற பழைய ஜெர்மன் ராணுவப் பதக்கத்தை முதன்முதலில் கையில் வாங்கிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்வார்கள்: "இவ்வளவுதானா எடை?" நம் ஊர் பழைய ஐந்து ரூபாய் நாணயம் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் என்ன கனம் இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். நடுவில் கறுப்புப் பூச்சு பூசிய இரும்புத் தகடு, அதைச் சுற்றி வெள்ளிச் சட்டகம். முன்பக்கம் கிரீடம், டபிள்யூ என்ற எழுத்து, கீழ்க்கையில் 1914. திருப்பினால் 1813.

அந்த 1813தான் என்னை இதற்குள் இழுத்தது. நெப்போலியனை எதிர்த்துப் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசு போருக்குக் கிளம்பிய வருடம் அது. அரசன் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் இந்தப் பதக்கத்தை ஏற்படுத்தினான். மார்ச் 10 என்று தேதி போட்டான். இறந்துபோன அவன் மனைவி லூயிஸாவின் பிறந்தநாள் அது. வரைபடத்தைச் சரிசெய்து கொடுத்தது கட்டடக்கலைஞர் ஷிங்கெல். நாடு ஓட்டாண்டியாக இருந்த நேரம். பெண்கள் தங்க நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரும்பு மோதிரம் வாங்கிக்கொண்டார்கள். 'தங்கம் தந்தேன், இரும்பு பெற்றேன்' என்பது அன்றைய பேச்சு. பதக்கமும் இரும்பாக இருந்தது அதனால்தான். அதுவரை பெரிய பதக்கங்கள் எல்லாம் அதிகாரிகளுக்குத்தான். இதைச் சாதாரணச் சிப்பாயும் வாங்கலாம் என்றார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். பிறகு 1870, 1914, 1939 என்று ஒவ்வொரு பெரிய போருக்கும் இதே சிலுவையைப் புதுப்பித்தார்கள்.

வேலைக்காக மியூனிக் வந்து இரண்டு வருடம் ஆனபின் எனக்குப் பழைய பதக்கங்களைச் சேர்க்கும் பழக்கம் தொற்றியது. இங்கே தெரேசியன்வீஸெ திடலில் வருடத்துக்கு ஒருமுறை, வசந்தகாலத் திருவிழாவின் முதல் சனிக்கிழமை, ஒரு மாபெரும் பழைய பொருள் சந்தை கூடும். விடிவதற்கு முன்பே டார்ச் லைட்டோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். தாத்தா பாட்டி வீட்டைக் காலிசெய்தவர்கள் கண்ணாடிப் பாத்திரம், ஸ்கீ, பொம்மை எல்லாவற்றையும் போர்வையில் பரப்பியிருப்பார்கள். அந்தக் குவியலில் எங்காவது ஒரு தகர டப்பா இருக்கும். பித்தான், சாவி, முடிந்துபோன காலத்து நாணயம், அடியில் ஒரு பதக்கம்.

சரி, முதலில் எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வந்துவிடுகிறேன். ஒரு தமிழனுக்கு ஜெர்மன் ராணுவப் பதக்கம் எதற்கு? அதிலும் நாஜிகள் இருந்த நாட்டுப் பதக்கம்? கேட்க வேண்டிய கேள்விதான். நான் சேர்ப்பது பெரும்பாலும் முதல் உலகப் போர்க் காலத்தவை. இரண்டாம் உலகப் போர்ச் சாமான்கள் சில இருக்கின்றன. நாஜிக் கட்சியின் சொந்தப் படையான எஸ்.எஸ். படையின் பொருள் எதையும் தொடுவதில்லை, பரிசாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றுவிடுவேன். ஜெர்மனியில் ஸ்வஸ்திகா சின்னத்தைப் பொதுவெளியில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி குற்றம். ஆராய்ச்சி, கல்வி போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. அதனால் வியாபாரிகள் அந்தச் சின்னத்தின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டித்தான் மேசையில் வைப்பார்கள். 1957இல் ஒரு சட்டம் வந்தது: இரண்டாம் உலகப் போரில் வாங்கிய பதக்கத்தை அணிய விரும்புகிறவர், ஸ்வஸ்திகாவை நீக்கிய புது வடிவத்தை வாங்கி அணியலாம். 1939 என்ற வருடம் அப்படியே இருக்கும், நடுவில் மட்டும் ஓக் இலை வந்து உட்காரும். லூடென்ஷைட் ஊரில் உள்ள ஷ்டைன்ஹவுயர் உண்ட் லூக் கம்பெனி போர்க்காலத்திலும் பதக்கம் அடித்தது, 1957 வடிவங்களையும் அடித்தது, இன்றைய ஜெர்மன் குடியரசின் விருதுப் பதக்கங்களையும் அடிக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஊரிலிருந்து வரும் நண்பர்கள் கேட்கும் இரண்டாவது கேள்வி எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல், கெட்டிக்கார ஆசாமியை 'அவன் எம்டன்' என்று சொல்லும் வழக்கைத் தமிழுக்கு விட்டுப்போன கப்பல். 'எம்டன் பதக்கம்' என்று ஒன்று உண்மையிலேயே உண்டு, ஆனால் ஜெர்மன் பதக்கம் இல்லை. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனைச் சிதைத்து வீழ்த்தியது. உடைந்த கப்பலுக்குள் பெட்டி பெட்டியாக மெக்ஸிகோ வெள்ளி டாலர்கள் கிடைத்தன. சிட்னி நகரத்து நகைக்கடைக்காரர் ஒருவர் அவற்றுக்கு மேலே ஒரு கிரீடத்தையும் கப்பல்களின் பெயரையும் வைத்துப் பதக்கமாக்கினார். என்னிடம் அது இல்லை. வாங்கும் விலையிலும் இல்லை.

எம்டனைவிட எனக்கு நெருக்கமாகப் பட்டது இன்னொன்று. சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் இருந்தபோது, வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகளைச் சேர்த்து ஒரு படை உருவானது. ஜெர்மன் ராணுவத்தில் 950ஆம் காலாட்படை ரெஜிமென்ட். அவர்கள் சட்டைக் கையில் காவி, வெள்ளை, பச்சை நிறத்தில் ஒரு துணிச் சின்னம் இருந்தது. நடுவில் பாயும் புலி. மேலே 'ஃப்ரையெஸ் இண்டியன்', அதாவது சுதந்திர இந்தியா. 1944 ஆகஸ்டில் அந்தப் படையை எஸ்.எஸ். படையின் போர்ப்பிரிவான வாஃபென் எஸ்.எஸ். அமைப்புக்குள் கொண்டுபோனார்கள் என்பதும் இந்த வரலாற்றின் பகுதிதான்.

அந்தப் புலிச் சின்னம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு ஒரு கடையில் விற்பனைக்கு வந்தது. கடையின் பெயர் வேண்டாம். ஓரம் மடங்கி, மஞ்சள் பாய்ந்து, பார்க்கவே எண்பது வயது. அரை மாதச் சம்பளத்துக்கு வாங்கினேன். பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை. ஆறு மாதம் கழித்து, என்னைவிட நாற்பது வருடம் மூத்த சேகரிப்பாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சட்டத்திலிருந்து எடுக்கச் சொன்னார். அறை விளக்கை அணைத்துவிட்டு யூ.வி. டார்ச்சை அடித்தார். தையல் நூல் முழுக்க நீலவெள்ளையாகப் பளீரென்று எரிந்தது. துணியை வெளுப்பாகக் காட்டும் ரசாயனங்கள் நூலிலும் சோப்பிலும் பரவலாக வந்தது போருக்குப் பிறகுதான். பழைய நூல் அந்த வெளிச்சத்தில் மங்கலாகவே கிடக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, டார்ச்சை அணைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த டார்ச் இன்றும் என் சட்டைப் பையில் இருக்கிறது. இந்தியர்கள் தேடி வாங்குவார்கள் என்று தெரிந்தே அந்தச் சின்னத்தைப் போலியாக அடிக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. பணம் போனதைவிட அந்தப் புலியின் மேல் நான் வைத்திருந்த பிரியத்தை வைத்து ஒருவன் சம்பாதித்தான் என்பதுதான் வலித்தது.

போலிகளைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். கையில் காந்தம் ஒன்று இருக்க வேண்டும். இரும்புச் சிலுவையின் நடுத்தகடு காந்தத்தைப் பிடிக்கும், சட்டகம் பிடிக்காது. அடுத்தது சட்டகத்தின் விளிம்பு. முன்பாதியும் பின்பாதியும் சேரும் இடத்தில் ஈயப்பற்று வைத்த மெல்லிய கோடு தெரிய வேண்டும். ஒரே வார்ப்பாக ஊற்றிய போலியில் அந்தக் கோடு இருக்காது, பள்ளங்களில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் இருக்கும். வளையத்தில் கம்பெனிக் குறி இருக்கலாம். 'கே ஓ' என்று இருந்தால் பெர்லின் அரசு நாணயச்சாலை. நாடாவிலும் செய்தி உண்டு: போர்முனையில் வாங்கியவருக்குக் கறுப்பு நாடாவில் வெள்ளைக் கோடு, பின்னணியில் பணிசெய்தவருக்கு வெள்ளையில் கறுப்புக் கோடு. இரண்டாம் வகுப்பை நாடாவில் கோப்பார்கள், முதல் வகுப்பை இடது மார்பில் ஊசியால் குத்துவார்கள்.

உலோகத்தைப் பார்த்தே போர் எப்படிப் போனது என்று சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் அடித்த சின்னங்கள் நல்ல பித்தளை வகை உலோகம், மேலே கனமான முலாம். போகப்போக எல்லாம் துத்தநாகம். முலாம் நிற்காமல் உதிர்ந்து, இன்றைக்குச் சாம்பல் பூத்துப்போய்க் கிடக்கிறது. சரித்திரப் புத்தகத்தில் 'மூலப்பொருள் தட்டுப்பாடு' என்று ஒரு வரி இருக்கும். அது உள்ளங்கையில் சாம்பலாக ஒட்டும்போது வேறு மாதிரி இருக்கிறது.

இதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். எனக்குப் புரிய நேரமானது வேறொன்று: பதக்கத்தில் பெயர் இல்லை. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் என்றால் விளிம்பில் சிப்பாயின் எண், பெயர், ரெஜிமென்ட் எல்லாம் பொறித்திருப்பார்கள். முதல் உலகப் போரில் சுமார் 50 லட்சம் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவைகள் கொடுத்தார்கள். 50 லட்சமும் பெயரில்லாதவை. யாருடையது என்று சொல்லக்கூடியது கூடவே கிடக்கும் காகிதம் மட்டும்தான். படைப்பிரிவு கொடுத்த சான்றிதழ், சிப்பாயின் கையேடு, ஒரு கடிதம். வியாபாரி செட்டைப் பிரித்துவிட்டால், பதக்கம் ஒருவருக்கும் காகிதம் இன்னொருவருக்கும் போய்விட்டால், அந்த மனிதன் இரண்டாவது முறை செத்துப்போகிறான். பிரித்து விற்றால் லாபம் அதிகம், அதனால் பிரிக்கிறார்கள். இறந்தவர் விட்டுப்போனதற்கு ஜெர்மனில் 'நாக்லாஸ்' என்று ஒரு சொல் உண்டு. அப்படி ஒருவருடையது மொத்தமாகக் கிடைத்தால் அதைப் பிரிக்கக் கூடாது என்பது என் கட்சி. இதற்காக நண்பர்களோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

காகிதம் எப்படிப் பேசும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1934 ஜூலை 13இல் ஜனாதிபதி ஹிண்டென்பர்க், முதல் உலகப் போரில் பங்கெடுத்தவர்களுக்காகக் கௌரவச் சிலுவை ஒன்றை ஏற்படுத்தினார். அடுத்த மாதமே இறந்துபோனார். விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது. சான்றிதழ் 'ஃபியூரர் மற்றும் ரைக் சான்ஸலர் பெயரால்' என்று தொடங்கும். போரில் சுமார் ஒரு லட்சம் ஜெர்மன் யூதர்கள் ராணுவத்தில் இருந்தார்கள், சுமார் 12,000 பேர் செத்தார்கள். உயிரோடு திரும்பியவர்களும் விண்ணப்பித்தார்கள், அவர்களுக்கும் கிடைத்தது. ஹிட்லர் பெயரால் ஒரு யூதருக்குக் கௌரவச் சிலுவை. அப்படி ஒரு சான்றிதழை ஒரு கண்காட்சியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தட்டச்சில் பெயர், கீழே உள்ளூர் அதிகாரியின் கையெழுத்து, வட்ட முத்திரை. எல்லாம் ஒழுங்காக, நேராக இருந்தது.

ஹிட்லர் கடைசிவரை மார்பில் குத்தியிருந்தது 1918 ஆகஸ்ட் 4இல் வாங்கிய முதல் வகுப்பு இரும்புச் சிலுவை. அதற்குப் பரிந்துரை செய்த ரெஜிமென்ட் அதிகாரி ஹ்யூகோ குட்மான் ஒரு யூதர். பிற்பாடு அவர் நாட்டை விட்டுத் தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். தப்பாதவர்கள் எத்தனையோ பேர். 1942 ஜனவரி 20, யூதர்களை அழிக்கும் திட்டத்தைப் பேச நாஜி அதிகாரிகள் கூடிய வான்ஸே கூட்டத்தின் குறிப்பேட்டில் ஒரு வரி உண்டு: போரில் கடுமையாக ஊனமுற்ற யூதர்களையும், முதல் வகுப்பு இரும்புச் சிலுவை போன்ற போர்ப் பதக்கம் உள்ளவர்களையும் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பலாம் என்று. கொலைக் களத்துக்கு நேராக அனுப்பினால் யார் யாரோ சிபாரிசுக்கு வருவார்கள், அந்தத் தொந்தரவு வேண்டாம் என்பதற்காக. பிறகு அங்கிருந்தும் பலரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். இதைப் படித்த பின் எந்த முதல் வகுப்புச் சிலுவையை எடுத்தாலும், பின்பக்கத்து ஊசியைத் திறந்து மூடிப் பார்ப்பேன். இதை எந்தச் சட்டையிலிருந்து, எந்த வீட்டில், எப்போது கழற்றினார்கள்?

வாங்கவே கூடாது என்று நான் வைத்திருப்பது சிப்பாய்களின் அடையாளத் தகடு. இரண்டாம் உலகப் போர்த் தகடு முட்டை வடிவம், துத்தநாகம் அல்லது அலுமினியம், நடுவில் வரிசையாகத் துளைகள். இரண்டு பாதியிலும் ஒரே எண், ஒரே படைப்பிரிவு. ஆள் இறந்தால் கீழ்ப்பாதியை ஒடித்து எடுத்துப்போவார்கள், மேல்பாதி உடலோடு இருக்கும். ஆக, விற்பனைக்கு வரும் ஒடிக்காத முழுத் தகடு, உயிரோடு வீடு திரும்பியவருடையதாக இருக்கலாம், அல்லது யாரும் கண்டெடுக்காத ஒரு பிணத்தின் கழுத்திலிருந்து வந்திருக்கலாம். ஜெர்மன் போர்க்கல்லறைப் பராமரிப்புச் சங்கம் 1919இலிருந்து இருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவில் இன்னும் எலும்புகளைத் தோண்டி எடுத்து, தகட்டு எண்ணை பெர்லினில் உள்ள பழைய ராணுவப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, பெயர் கண்டுபிடித்து அடக்கம் செய்கிறார்கள். ராத்திரியில் மெட்டல் டிடெக்டரோடு போய்த் தகட்டை மட்டும் உருவிக்கொண்டு வருகிறவனால் அந்த எலும்புக்கு இனி பெயரே கிடைக்காது. அதில் ஒரு யூரோ பங்கும் எனக்கு வேண்டாம்.

இப்போது டப்பாவுக்கு வருகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஏப்ரல். அதே திடல். ஒரு பெண்மணி, அறுபது வயதிருக்கும், மழைக்குப் பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிஸ்கட் டப்பாவில் ஐந்து பதக்கங்கள். இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை. வெள்ளை நாடாவில் நீலமும் கறுப்பும் ஓரம் வைத்த பவேரிய ராணுவச் சிலுவை. காயம்பட்டவர்களுக்குக் கொடுத்த கறுப்புச் சின்னம். ஒன்றிரண்டு முறை காயம் பட்டால் கறுப்பு, மூன்று நான்கு என்றால் வெள்ளி நிறம், அதற்கு மேல் மஞ்சள் என்று 1918 மார்ச்சில் வைத்த கணக்கு அது. பிறகு வாள்கள் குறுக்கிட்ட ஹிண்டென்பர்க் கௌரவச் சிலுவை, அதற்கான சான்றிதழ் நான்காக மடித்தபடி. இவற்றோடு இன்னொரு கௌரவச் சிலுவை. வாள் இல்லை, முழுக்கக் கறுப்பு வார்னிஷ். விதவைகளுக்கும் பெற்றோருக்கும் கொடுத்தது அந்த வகை.

"காலிசெய்த வீட்டில் இருந்தது. எங்கள் குடும்பம் இல்லை. யாரென்று தெரியாது" என்றார் அவர். மொத்தமாக 160 யூரோ கொடுத்து வாங்கி வந்தேன்.

சான்றிதழில் பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை, பேரன் பேத்திகள் எங்காவது இருப்பார்கள். அவர் பவேரியர், அதாவது மியூனிக் இருக்கும் இந்தப் பகுதிக்காரர் என்பது என் அதிர்ஷ்டம். பிரஷ்யப் படையின் ஆவணங்கள் போட்ஸ்டாமில் இருந்தன. 1945 ஏப்ரலில் விமானக் குண்டுவீச்சில் பெரும்பகுதி எரிந்து போனது. பவேரியாவின் சிப்பாய்ப் பதிவேடுகள் மியூனிக் போர் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசை: பிறந்த ஊர், மதம், தொழில், மனைவி, பெற்றோர் பெயர், சண்டைகள், காயங்கள், பதக்கங்கள், தண்டனைகள். ஆனால் எல்லாம் பழைய 'குர்ரென்ட்' கையெழுத்து. நம் ஊர்ப் பழைய பத்திரங்களின் கூட்டெழுத்து மாதிரி, ஜெர்மன்காரர்களுக்கே படிக்க வராது. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

பீப்பாய் செய்கிறவர். கத்தோலிக்கர். வெர்டன், சொம் என்ற இரண்டு பெரிய சண்டைகளிலும் இருந்திருக்கிறார். இடது மேல்கையில் பீரங்கிச் சில்லு. போர் முடியும்போது உயிரோடு இருந்தார். மனைவி என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும், கல்யாணம் ஆகவில்லை.

அப்படியானால் அந்தக் கறுப்புச் சிலுவை இவருடைய செட் இல்லை என்று முடிவு செய்தேன். இவர் செத்திருந்தால்தானே வீட்டில் விதவையோ பெற்றோரோ அதை வாங்கியிருப்பார்கள்? டப்பாவில் தவறி வந்து விழுந்தது, அவ்வளவுதான். வகைக்கு ஒன்று சேர்க்கும் நண்பர் ஒருவர் அதைக் கேட்டார், பதிலுக்கு ஒரு தோள்பட்டைச் சின்னம் தருவதாகச் சொன்னார். சரி என்றுவிட்டேன். ஒன்றை மட்டும் கவனிக்காமல் இருந்தேன். அதன் நாடா மற்றவற்றைப் போல நேராகத் தொங்கவில்லை. வில் முடிச்சாக, சடையில் கட்டும் ரிப்பன் மாதிரி முடிந்திருந்தது.

அந்தக் கோடையில் பதிவேட்டில் இருந்த அவருடைய ஊருக்குச் சைக்கிளில் போனேன். தேவாலயம், அதன் பக்கத்தில் போர் நினைவுக்கல். அதில் அவர் குடும்பப் பெயரோடு வேறொரு முதல் பெயர், 1916. ஒரே கிராமத்தில் ஒரே குடும்பப் பெயர் நான்கு வீட்டில் இருக்கலாம். அதனால் காப்பகத்துக்குத் திரும்பப் போய் இந்தப் புதுப் பெயரைத் தேடினேன். மூன்றாவது நாள் கிடைத்தது. வேறு ரெஜிமென்ட், வேறு கையெழுத்து. விரலை வைத்துக்கொண்டே பெற்றோர் கட்டத்துக்கு வந்தேன். அதே அப்பா பெயர், அதே அம்மா பெயர், அதே பீப்பாய் செய்யும் தொழில், அதே ஊர். மூன்று வயது இளையவன். குறிப்புக் கட்டத்தில் 'வீழ்ந்தார்' என்ற ஒரே சொல், தேதியோடு.

பெண்கள் பதக்கம் அணியும்போதுதான் நாடாவை வில் முடிச்சாகக் கட்டுவார்கள். 1934இலோ 1935இலோ அந்த அம்மா விண்ணப்பம் எழுதிப் போட்டிருக்கிறார். மகன் செத்துப் பதினெட்டு வருடம் கழித்து அந்தக் கறுப்புச் சிலுவை வந்திருக்கிறது. முடிச்சை அவர்தான் போட்டாரா, கடையிலேயே அப்படி வந்ததா தெரியாது. அடிப்பக்கம் மட்டும் பட்டு நைந்து நூல் பிரிந்திருக்கிறது, பல தடவை குத்திக் கழற்றிய ஊசியின் ஓட்டையைச் சுற்றி.

அன்றைக்கு ராத்திரியே நண்பருக்குப் போன் செய்து, தர முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தோள்பட்டைச் சின்னத்தை எப்படியும் அனுப்புகிறேன், வைத்துக்கொள்" என்றார்.

டப்பாவில் இப்போது ஐந்தும் இருக்கின்றன. அமிலம் இல்லாத காகிதத்தில் பென்சிலால் மூன்று பெயர்களை எழுதி மடித்து வைத்திருக்கிறேன், எனக்குப் பிறகு டப்பாவைத் திறக்கிறவர் படிக்கும்படி. அண்ணன் பெயருக்கு நேராக நான்கு பதக்கங்களின் பட்டியல். தம்பி பெயருக்கு நேராக ஒன்றும் இல்லை, தேதி மட்டும். அம்மா பெயருக்கு நேராகக் கறுப்புச் சிலுவை.